கஞ்சி போட்ட நூலும் கூரைக் கடனும்

பெரியவள் போன வாரம் வணிகவியல் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு சத்தம் போட்டு உருப்போட்டுக்கொண்டிருந்தாள். விற்ற சரக்கு நம்மிடமே திரும்பி வந்தால் உள்திருப்பம், வாங்கிய சரக்கை நாம் திருப்பி அனுப்பினால் வெளித்திருப்பம். நாலு தடவை சரியாகச் சொன்னாள். ஐந்தாவது தடவை இரண்டும் இடம் மாறிவிட்டன. புத்தகத்தை மூடிவிட்டு, "இதெல்லாம் யாருப்பா கண்டுபிடிச்சது?" என்று என்னிடம் சண்டைக்கு வந்தாள்.

நான் எட்டாவது வரை படித்தவன். ஆனால் இந்த இரண்டு சொல்லும் எனக்கு மாறாது. ஒரே மாதத்தில் ஒன்று எனக்கு நடந்தது; மற்றது நடக்க வேண்டுமென்று போய்க் கேட்டு, நடக்காமல் திரும்பி வந்தேன். அந்தக் கதையை எழுதி வைத்தால் பிள்ளைகள் உங்கள் இரண்டு பேருக்கும் புத்தகத்தோடு சேர்த்துப் படிக்க உதவும் என்று உங்கள் அம்மா சொன்னாள். அவள் சொன்னபடி எழுதுகிறேன். விட்டுப்போனதை அவள் வந்து திருத்துவாள்.

அறுபதுகளில் நான் திருவள்ளூரில் ஒரு அரிசி ஆலையில் எடை எழுதுகிறவனாக இருந்தேன். வண்டியில் வரும் நெல் மூட்டையைத் தராசில் ஏற்றி, எடையை நோட்டில் எழுதுவது வேலை. பத்து வருடம் அதைச் செய்தேன். ஈர நெல்லைக் காய்ந்த நெல் என்று கொண்டுவருகிறவர்களைக் கையை மூட்டைக்குள் விட்டே கண்டுபிடித்துவிடுவேன். பிறகு ஆலையில் வேலை குறைந்தது. வாரத்தில் மூன்று நாள்தான் கூப்பிட்டார்கள். அப்போது மணவாள நகரில் இதே மனையில் ஓலைக் கூரை போட்ட வீட்டில் இருந்தோம். நீங்கள் ரொம்பச் சின்னவர்கள்.

எழுபதுகளின் நடுவில் ஒருநாள் கும்மிடிப்பூண்டிக்குப் போனேன். என்னோடு ஆலையில் மூட்டை தூக்கிய ஒருவன் அங்கே புதிதாக வந்த தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் பிட்டராகச் சேர்ந்திருந்தான். அவன் அப்பா காலம்வரை வயலில் கூலி வேலை செய்த குடும்பம். இவன்தான் முதலில் காக்கிச் சட்டை போட்டவன். எனக்கும் ஏதாவது வேலை கிடைக்குமா என்று கேட்கத்தான் போனேன். லேத் மெஷினை அவன் தன் பழைய லுங்கியைக் கிழித்துத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"இன்னாடா, கம்பெனில துணி கூடக் குடுக்க மாட்டாங்களா?"

"வேஸ்ட்டு குடுப்பாங்கண்ணா. நூல் வேஸ்ட்டு. மெட்ராஸ்லேர்ந்து வரணும். வந்தா வரும், வராட்டி என் லுங்கிதான். மூணாவது லுங்கி இது. எம் பொண்டாட்டி பேஜாரு பண்றா."

எனக்குப் பொதட்டூர்பேட்டை ஞாபகம் வந்தது. ஒரு கல்யாணத்துக்குப் போனபோது பார்த்திருக்கிறேன். தெருவெல்லாம் தறி. வாசலில் குப்பை மாதிரி நூல் துண்டுகளைக் குவித்து வைத்திருப்பார்கள். அடுப்புப் பற்றவைக்கவும் தலையணைக்குள் அடைக்கவும் அள்ளிக்கொண்டு போவார்கள். ஒரு ஊரில் அடுப்புக்குப் போகிற பொருள், இன்னொரு ஊரில் இல்லாமல் லுங்கி கிழிகிறது. சந்தை என்று உங்கள் புத்தகத்தில் முதல் பாடத்தில் வருகிறதே, அதைக் கடைத்தெரு என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். எனக்குச் சந்தை என்பது அன்றைக்கு அந்தக் கிழிந்த லுங்கியாகத்தான் கண்ணில் பட்டது.

வேலை கேட்கப் போனவன் வேலையைக் கேட்காமல் வந்துவிட்டேன்.

தொழிலுக்குப் போடுகிற பணத்துக்கு முதல் என்று பெயர். எங்களிடம் இருந்தது முந்நூறு ரூபாய். உங்கள் அம்மா இரண்டு வருடம் சீட்டுக் கட்டி எடுத்தது. ஐப்பசி மழைக்கு முன்னால் ஓலையைப் பிரித்துவிட்டு ஓடு போடுவதற்காக வைத்திருந்தாள். போன மழையில் ஏழு பாத்திரம் வைத்தும் பாய் நனைந்திருந்தது. அந்தப் பணத்தைத்தான் நான் கேட்டேன்.

அவள் உடனே தரவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அரிசி புடைத்துக்கொண்டே யோசித்தாள். பிறகு ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துவந்து என் முன்னால் போட்டாள்.

"எழுதுங்க. கூரைகிட்டேர்ந்து வாங்கின கடன் முந்நூறு."

"கூரைகிட்டயா? நம்ம ஊடு, நம்ம பணம், இதுல கடன் இன்னா?"

"ஊடு வேற, உங்க நூலு வேற. எழுதலன்னா அது உங்க பணமாயிடும். எழுதினாத்தான் கூரைக்குத் திரும்பி வரும்."

எழுதினேன். தொழில் வேறு, அதை நடத்துகிறவன் வேறு என்று தனித்தன்மைக் கருத்தைப் பற்றி ஒரு பக்கத்துக்கு உங்கள் புத்தகத்தில் போட்டிருக்கிறார்கள். உங்கள் அம்மா அதை முறத்தைக் கீழே வைக்காமலேயே சொல்லிவிட்டாள்.

பொதட்டூர்பேட்டையில் ஒரு தறிக்கார அம்மாவைப் பிடித்தேன். ஐம்பது வயதிருக்கும். எல்லோரையும் நைனா என்றுதான் கூப்பிடுவார். மாதிரிக்கு வேண்டும் என்றதும், தறிக்குப் பக்கத்தில் கிடந்ததில் ஒரு கை அள்ளிக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். பஞ்சு மாதிரி மெத்தென்று இருந்தது. அதை எடுத்துக்கொண்டு கும்மிடிப்பூண்டிக்குப் போய், பிட்டர் சொல்லிக்கொடுத்தபடி ஸ்டோர் கீப்பரைப் பார்த்தேன். ஒல்லியான மனிதர், காதில் பென்சில். மாதிரியை மேஜையில் சிந்தியிருந்த எண்ணெயில் வைத்தார். எண்ணெய் காணாமல் போனது.

"சரக்கு நல்லாருக்குதுய்யா. கொட்டேஷன் குடு."

எனக்கு அப்படியென்றால் என்னவென்று தெரியாது. பிட்டரைக் கேட்டால், விலையை எழுதிக் கொடுப்பது என்றான். ராத்திரி உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதினேன். மகாகனம் பொருந்திய என்று ஆரம்பித்து, தங்கள் கம்பெனியும் தங்கள் குடும்பமும் நீடூழி வாழ்க என்று முடித்திருந்தேன். ஸ்டோர் கீப்பர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது கொட்டேஷனா, கல்யாணப் பத்திரிகையாய்யா? வெல எங்க?"

விலையை எழுத மறந்திருந்தேன். அவரே காதிலிருந்த பென்சிலைக் கொடுத்தார். கிலோ ஒன்றே முக்கால் ரூபாய் என்று எழுதிக் கொடுத்தேன். உங்கள் புத்தகத்தில் இதற்கு விலைப்புள்ளி என்று பெயர். அதில் வாழ்த்து வேண்டாம், விலை வேண்டும். இருபத்தைந்து கிலோ மூட்டை ஆறு கொண்டுவரச் சொன்னார். சரியாக இருந்தால் மாதாமாதம் ஆறு மூட்டை எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்.

தறிக்கார அம்மா தெருவெல்லாம் சொல்லி நூற்றைம்பது கிலோ சேர்த்து வைத்திருந்தார். கிலோ அறுபது பைசா. தொண்ணூறு ரூபாய் கொள்முதல். நான் பஸ்ஸில் உட்கார்ந்தே கணக்குப் போட்டுவிட்டேன். விற்கிறது இருநூற்று அறுபத்திரண்டரை, வாங்கினது தொண்ணூறு, மிச்சம் நூற்று எழுபத்திரண்டரை. வீட்டுக்குள் நுழையும்போதே சத்தமாகச் சொன்னேன்.

"சாக்கு சும்மா வருமா?" என்றாள் உங்கள் அம்மா. "லாரிக்காரன் உங்க மாமனா?"

நான் சொன்னது மொத்த லாபம். அவள் கேட்டது நிகர லாபம். சாக்குக்குப் பன்னிரண்டு, லாரிக்கும் மூட்டை ஏற்றிய கூலிக்கும் முப்பது, நூலைப் பிரித்துப் போட்ட பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேருக்கு இருபத்தைந்து, நான் போய்வந்த பஸ்ஸுக்குப் பத்து. எழுபத்தேழு ரூபாய் போய்விட்டது. அது தவிர, பழைய இரும்புத் தராசு ஒன்று படிக்கற்களோடு எண்பத்தைந்து ரூபாய்க்கு வாங்கினேன். அது செலவில்லை, சொத்து. ஆனால் சொத்தும் சும்மா இருக்காது. அதன் முள் வருடத்துக்கு ஒரு நெல்மணி அகலம் சாய்ந்துகொண்டே வந்தது. தேய்மானம் என்ற பாடம் வந்தால் கொல்லையில் போய் அந்தத் தராசைப் பாருங்கள்.

நூலைப் பிரிக்கும்போது உங்கள் அம்மா ஒன்று சொன்னாள். அதை நான் காதில் வாங்கியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

"மொரமொரன்னு இருக்குதே. அன்னிக்கு நீங்க கொண்டாந்தது இப்டி இல்லியே."

"புதுசு, அப்டித்தான் இருக்கும்" என்றேன். நெல்லைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் கால்வாசி கூட நூலைப் பற்றித் தெரியாது. தெரிந்த மாதிரி பேசினேன்.

ஆவணிக் கடைசியில் ஆறு மூட்டையும் கும்மிடிப்பூண்டி போய் இறங்கின. எட்டாம் நாள் ஒரு கார்டு வந்தது. ஸ்டோர் கீப்பர் எழுதியது, ஒரே வரி: சரக்கு எண்ணெய் குடிக்கவில்லை, வந்து எடுத்துச் செல்லவும்.

போனேன். பிட்டர் என்னைப் பார்த்ததும் ஒரு பிடி நூலை எடுத்து மெஷின் மேல் தேய்த்துக் காட்டினான். எண்ணெய் அந்தப் பக்கம் போயிற்று. மறுபடி தேய்த்தான். இந்தப் பக்கம் வந்தது.

"பாத்தியாண்ணா, இது எண்ணெய தொடைக்கல. ஊர்வலம் கூட்டினு போவுது."

சுற்றி நின்ற நாலு பேர் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் கூடவே கூரை ஞாபகமும் வந்துவிட்டது. பிரித்த ஒரு மூட்டையைத் தரை துடைக்க வைத்துக்கொள்வதாகவும், அதற்குக் காசு கிடையாது என்றும் ஸ்டோர் கீப்பர் சொன்னார். மீதி ஐந்து மூட்டை வாசலில் கிடந்தன. பெரியவளே, அதுதான் உள்திருப்பம்.

"பாருய்யா, நீ காட்டின மாதிரி ஒண்ணு, போட்ட சரக்கு ஒண்ணு. பத்து நாள் டைம் தர்றேன். மாதிரி கணக்கா ஆறு மூட்ட வந்துச்சின்னா மாசாமாசம் உனக்குத்தான். வரலன்னா மெட்ராஸ் பார்ட்டிக்கே எழுதிப் போட்டுர்றேன்."

ஊருக்குத் திரும்புகிற ஒரு காலி லாரியில் ஒன்பது ரூபாய்க்கு ஐந்து மூட்டையையும் போட்டு, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டு வந்தேன். பெரியபாளையம் தாண்டும்போது மேகம் கூடியிருந்தது. பத்து நாள். கூரைப் பணத்தில் கையில் இருந்தது முப்பத்தொன்பது ரூபாய்.

உங்கள் அம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். ஒரு தட்டில் கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊற்றி, ஒரு நூலை அதில் போட்டாள். நூல் அப்படியே மிதந்தது. இன்னொரு நூலை எடுத்து வெந்நீரில் ஊறப்போட்டு, கசக்கிப் பிழிந்தாள். தண்ணீர் வெள்ளையாக வந்தது. விரலை மோந்து பார்த்தாள்.

"இன்னாங்க, இது கஞ்சி. வேட்டிக்குப் போடற மாதிரி கஞ்சி போட்டிருக்காங்க."

அடுத்த நாள் காலையில் பொதட்டூர்பேட்டையில் இருந்தேன். தறிக்கார அம்மா நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்.

"ஏன் நைனா, பாவு நூலுன்னா கஞ்சி போடாத எப்டி? போடலன்னா தறில அறுந்து அறுந்து போவும். நீளவாட்டு நூலுக்குக் கஞ்சி உண்டு, குறுக்க ஓடற ஊடை நூலுக்குக் கஞ்சி இல்ல. எங்கூருல பால் குடிக்கிற கொழந்தைக்குத் தெரியும்."

"அப்ப மொதல்ல நீங்க குடுத்தது?"

"அது கைக்குக் கெடச்ச ஊடை. அப்புறம் நீ நூத்தம்பது கிலோ கேட்டே. பாவு முடிஞ்சி அறுத்துப் போட்ட துண்டுதான் எல்லா ஊட்லயும் குமிஞ்சி கெடக்குது. வேஸ்ட்டுன்னு கேட்டே, வேஸ்ட்டு குடுத்தேன். எண்ணெ குடிக்கிற வேஸ்ட்டுன்னு கேட்டியா?"

கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. எங்கள் இரண்டு பேரில் யார் மேலும் குற்றமில்லை, ஆனால் நஷ்டம் என் பக்கம் நின்றது. "இத திருப்பி எடுத்துக்கிறீங்களா?" என்று கேட்டுப் பார்த்தேன். அது நடந்திருந்தால் வெளித்திருப்பம். நடக்கவில்லை.

"தெருவுல பாதிப் பேரு அந்த டப்புல அரிசி வாங்கித் தின்னாச்சி நைனா" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "தண்ணில ரெண்டு நாளு ஊறப்போடு. கஞ்சி புளிச்சி உட்டுடும். அலசிக் காயவெச்சா அதுவும் குடிக்கும். கொறையறதுக்கு ஊடை நான் சேத்துத் தர்றேன். எம்பது பைசா. போட்டி இருக்குது" என்றார்.

திருப்பாச்சூர் பக்கம் ஒருவர் பம்ப்செட் தொட்டியைக் கொடுத்தார். ஆலைக்கு நெல் கொண்டுவந்த பழக்கம். மோட்டார் போடுகிற நேரத்தில் தொட்டியைக் காலி செய்துவிட வேண்டும் என்பதுதான் பேச்சு. நூற்றிருபத்தைந்து கிலோ நூலை இரண்டு தவணையாக ஊறவைத்தோம். மூன்றாம் நாள் அந்த நாற்றத்தை எழுதிக் காட்ட முடியாது. உங்கள் அம்மாவும் அந்த இரண்டு பெண்களும் மூக்கில் முந்தானையைக் கட்டிக்கொண்டு அலசினார்கள். ஒருத்தி சொன்னாள், "அக்கா, இந்தக் கஞ்சிய வடிச்சிருந்தா ஒரு கல்யாணத்துக்கே ஆயிருக்கும்." மூன்று பேரும் சிரித்துச் சிரித்துத் தொட்டியில் விழப் பார்த்தார்கள். இரண்டு பேருக்கும் கூலி பதினைந்து ரூபாய். கையில் இல்லாததால் பிறகு தருகிறேன் என்றேன். நமக்குக் கடன் கொடுத்தவர்களைப் புத்தகத்தில் கடனீந்தோர் என்கிறார்கள். கூரையை விட்டால் என்னுடைய முதல் கடனீந்தோர் மூக்கைக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

வரப்பு, வேலி, கிணற்று மேடு என்று எல்லா இடத்திலும் நூல் காய்ந்தது. ஒருநாள் தூறல். ஓடி ஓடி அள்ளினோம். ஒன்பதாம் நாள் எடை போட்டேன். நூற்றெட்டு கிலோ. பதினேழு கிலோ கஞ்சியாகத் தண்ணீரில் போயிருந்தது. அவ்வளவு கஞ்சியையும் நான் காசு கொடுத்து வாங்கியிருந்தேன்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அரைகுறையாகக் காய்ந்தபோதே எடுத்துக் கட்டியிருந்தால் அந்தப் பதினேழு கிலோவும் ஈரமாகத் திரும்பி வந்திருக்கும். பத்து வருடம் ஈர நெல்லைப் பிடித்தவனுக்கு இது தெரியாதா? எடை போடுவதற்கு முந்தின நாள் சாக்கைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். உங்கள் அம்மா பார்த்தாள். மேல் நூலைப் புரட்டிப்போட்டு இன்னொரு பொழுது காயவிட்டேன்.

குறைந்த பதினேழும் போன மூட்டை இருபத்தைந்துமாக நாற்பத்திரண்டு கிலோ ஊடை நூல், முப்பத்து மூன்று ரூபாய் அறுபது பைசா. பஸ்ஸுக்கும் பஸ் மேலே போட்ட மூட்டைக்கும் ஐந்து ரூபாய். கூரைப் பணத்தில் மீதி நாற்பது பைசா. லாரிக்காரரிடம் இருபத்து நாலு ரூபாய் கடன் சொன்னேன். "நீ எங்க ஓடிப் போவப் போறே, மணவாள நகர்தானே" என்று ஏற்றிக்கொண்டார்.

பத்தாம் நாள் ஸ்டோர் கீப்பர் மேல் மூட்டையைத் தொடவில்லை. அடியில் இருந்ததை இழுத்துப் பிரிக்கச் சொன்னார். நான் ஆலையில் செய்கிற மாதிரியே முழங்கை வரை கையை உள்ளே விட்டு, ஒரு பிடி எடுத்து, அழுத்திப் பார்த்தார். முகத்தில் வைத்துப் பார்த்தார்.

"ஈரமில்லையே" என்றார், ஆச்சரியமாக.

"இல்லீங்க."

பிட்டர் அதை வாங்கி மெஷினைத் துடைத்தான். எண்ணெய் போன இடம் தெரியவில்லை. அவன் இரும்பில் முகம் பார்த்து மீசையைத் தடவிக்கொண்டான்.

"அண்ணா, இது குடிக்குதுண்ணா! சம்பள நாள்ல எங்க மேஸ்திரி கூட இப்டிக் குடிக்க மாட்டாரு."

ஸ்டோர் கீப்பர் காதிலிருந்து பென்சிலை எடுத்தார். "மாசம் ஆறு மூட்டை. பில்லு போட்ட முப்பதாம் நாள் பணம்" என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். புகைபோக்கி வைத்த அவ்வளவு பெரிய கம்பெனி முப்பது நாளைக்கு எனக்குக் கடனாளி. அதை நினைத்துக்கொண்டே பஸ்ஸில் சிரித்துக்கொண்டு வந்தேன்.

பணம் தீபாவளி முடிந்துதான் வந்தது. இருநூற்று அறுபத்திரண்டரை. பெண்களுக்கும் லாரிக்கும் கொடுத்தது போக, அந்த நாற்பது பைசாவோடு சேர்த்துக் கையில் இருநூற்று இருபத்து மூன்று ரூபாய் தொண்ணூறு பைசா. அதோடு தராசு எண்பத்தைந்து. ஆக முந்நூற்று எட்டு ரூபாய் தொண்ணூறு பைசா. கூரைக்குக் கடன் முந்நூறு. லாபம் எட்டு ரூபாய் தொண்ணூறு பைசா. அப்போது எனக்குப் பெயர் தெரியாது, அதுதான் நான் போட்ட முதல் இருப்பு நிலைக் குறிப்பு. இரண்டு பக்கமும் சரியாக நின்றது. தராசின் தேய்மானத்தைக் கழித்தால் அந்த எட்டு ரூபாயிலும் கொஞ்சம் போய்விடும். உங்கள் அம்மாவின் கூலியைப் போட்டால் ஒன்றுமே இருக்காது. அவள் கூலியை எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுதினா குடுக்கணுமே, முடியுமா?" என்றாள்.

அந்த வருடமும் ஓலைக்கு அடியில்தான் மழையைக் கழித்தோம். ஏழு பாத்திரம் எட்டாயிற்று. ஆனால் பாத்திரத்தில் தண்ணீர் சொட்டும்போது மாதம் ஆறு மூட்டை என்று எழுதிய சீட்டு, நனையாத இடத்தில், அரிசிப் பானைக்குள் இருந்தது. மார்கழிக்குள் இன்னும் இரண்டு கம்பெனிகள் தாமாகவே கேட்டு அனுப்பின. ஒரு விளம்பரமும் நான் செய்யவில்லை. திருவள்ளூர்க்காரர் சரக்கில் ஈரம் இருக்காது என்று ஸ்டோர் கீப்பர் சொன்னாராம். தராசில் ஏற்ற முடியாத இந்தச் சொத்துக்கும் உங்கள் புத்தகத்தில் ஒரு பெயர் இருக்கிறது: நற்பெயர்.

தை மாதம் கூரையின் முந்நூறு ரூபாயை எண்ணி உங்கள் அம்மாவின் கையில் கொடுத்தேன். அவள் நோட்டை எடுத்துவந்து, என்னையே அந்த வரியை அடிக்கச் சொன்னாள். அடித்தேன். அப்போதும் நோட்டை மூடவில்லை.

"வட்டி?"

"கூரைக்கு வட்டியா?"

"ஒரு மழ பூரா நனைஞ்சிதே, சும்மாவா?"

என்ன வேண்டும் என்று கேட்டேன். ஓட்டோடு ஓடாக ஒரே ஒரு கண்ணாடி ஓடு வைக்க வேண்டும் என்றாள்; அடுப்படிக்கு அடுத்த இடம் பகலிலும் இருட்டாக இருக்கிறதாம். வாங்கி வந்து கொத்தனாரிடம் கொடுத்தேன். பெரியவளே, போன வாரம் நீ அங்கே உட்கார்ந்து உள்திருப்பத்தையும் வெளித்திருப்பத்தையும் மாற்றிப் படித்துக்கொண்டிருந்தாயே, அப்போது உன் புத்தகத்தின் மேல் விழுந்த வெளிச்சம் அந்த வட்டிதான்.